மூன்று வரிக்குள் அடங்காத பிணைப்பு

உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் யாரிடமாவது “ஐதரசன் பிணைப்பு என்றால் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் விடை வரும். நைதரசன், ஒட்சிசன், புளோரீன் ஆகிய மூன்றில் ஒன்றுடன் இணைந்துள்ள ஐதரசனுக்கும், அயலிலுள்ள மூலக்கூறில் இதே மூன்றில் ஒன்று வைத்திருக்கும் தனிச்சோடி இலத்திரன்களுக்கும் இடையே உண்டாகும் கவர்ச்சி. அடுத்து உதாரணம் வரும். நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. ஐதரசன் சல்பைட்டு மறை 60 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கடுத்து, பனிக்கட்டி நீரில் மிதப்பதற்கான காரணம். அத்துடன் பாடம் முடிந்துவிடும். புள்ளியும் கிடைத்துவிடும்.

இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்த மூன்று வரிகளோடு நின்றுவிடுவதால் நாம் இழப்பது கொஞ்சமல்ல என்பது என் எண்ணம். நம் பாடத்தில் உயிருள்ள பகுதி எதுவோ அதைத் தொடாமலே நாம் பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறுகிறோம். அந்தப் பகுதியின் பெயர் இணைப்பளிங்கு. இரண்டு வேறுபட்ட மூலக்கூறுகள், தம் இயல்பை இழக்காமல், ஒரே பளிங்குக்குள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் அதை அப்படி அழைக்கலாம். அவற்றை அடுக்கி வைப்பதில் பெரும் பங்கு, நாம் மூன்று வரியில் முடித்துவிட்ட அதே ஐதரசன் பிணைப்புக்கு உண்டு.

முதலில் “நலிந்த பிணைப்பு” என்ற சொல்லைப் பார்ப்போம். நீர் மூலக்கூறுக்குள் ஒட்சிசனுக்கும் ஐதரசனுக்கும் இடையிலுள்ள பங்கீட்டு வலுப் பிணைப்பை உடைக்க மூலுக்கு ஏறத்தாழ 463 கிலோயூல் வேண்டும். இரண்டு நீர் மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள ஐதரசன் பிணைப்புக்கு ஏறத்தாழ 20 கிலோயூல் போதும். எண்களை மட்டும் பார்த்தால் நலிந்தது என்பது சரிதான். ஆனால் ஒரு பளிங்கு உருவாகும்போது மூலக்கூறுக்குள் இருக்கும் வலிய பிணைப்புகள் உடைவதில்லை. அவற்றுக்கு அங்கே புதிதாகச் செய்ய எதுவுமில்லை. எந்த மூலக்கூறுக்குப் பக்கத்தில் எது, எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்வது நலிந்த பிணைப்புகளே. செங்கல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், சுவர் நேராக நிற்பதும் சரிவதும் மேசன் அடுக்கும் விதத்தில் அல்லவா இருக்கிறது?

ஐதரசன் பிணைப்புக்கு அந்த மேசன் வேலையைச் செய்யும் தகுதி எங்கிருந்து வருகிறது? அது திசை பார்க்கும். ஐதரசனை வைத்திருக்கும் அணு, ஐதரசன், அதை வாங்கும் அணு ஆகிய மூன்றும் கூடியவரை ஒரே நேர்கோட்டில் நிற்க விரும்புகின்றன. அத்துடன் அது சோடியும் பார்க்கும். ஐதரசனை நீட்டுவதை வழங்கி என்றும், தனிச்சோடியை நீட்டுவதை வாங்கி என்றும் சொல்கிறோம். பென்சோயிக் அமிலத்தின் காபொட்சிலிக் தொகுதியில் இரண்டும் உண்டு. ஆகவே இரண்டு மூலக்கூறுகள் எதிரெதிரே நின்று ஒன்றுக்கொன்று கை கொடுத்து எட்டு அணுக்கள் கொண்ட வளையமாகிவிடும். எதனோயிக் அமிலம் பென்சீனில் இருபகுதியமாகிறது என்று படிக்கிறோமே, அதே வளையந்தான். நாம் அதை மூலக்கூற்றுத் திணிவுக் கணக்காக மட்டும் படித்தோம். ஒரு கட்டடத்தின் முதல் மூலையாகப் பார்க்கவில்லை.

இந்தச் சோடி சேர்தலுக்கு ஒரு விதி உண்டா என்று தேடியவர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மார்கரெட் எட்டர் என்ற பெண்மணி. ஏராளமான பளிங்கு அமைப்புகளை ஒப்பிட்டு அவர் கண்டது இது: நல்ல வழங்கிகள் எல்லாம் பிணைப்பில் ஈடுபட்டுவிடும், மிகச் சிறந்த வழங்கி மிகச் சிறந்த வாங்கியைத் தேடிப் போகும், எஞ்சியிருப்பவற்றில் சிறந்தவை அடுத்ததாகச் சேரும். எங்கள் ஊர்களில் சம்பந்தம் பேசும் பெரியம்மாமார் இதைக் கேட்டால், “இதைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகமா வேணும்?” என்பார்கள். ஆனால் எட்டரின் விதி அதைவிட நேர்மையானது. அங்கே சீதனம் இல்லை. அமிலத்தன்மையும் காரத்தன்மையும் மட்டுந்தான்.

ஓர் உதாரணம் பாருங்கள். ஐசோநிக்கொட்டினமைட்டு என்ற மூலக்கூறின் ஒரு முனையில் வளையத்து நைதரசன் இருக்கிறது. மறுமுனையில் ஏமைட்டுத் தொகுதி இருக்கிறது. இதனுடன் பென்சோயிக் அமிலத்தைச் சேர்த்துப் பளிங்காக்கினால் என்ன நடக்கும்? அமிலத்தின் ஐதரசனே இங்குள்ள சிறந்த வழங்கி. வளையத்து நைதரசனே சிறந்த வாங்கி. இவ்விரண்டும் சேர்ந்துகொள்கின்றன. தனித்து நின்ற ஏமைட்டுத் தொகுதிகள் தமக்குள் சேர்ந்து எட்டணு வளையமாகின்றன. அமிலத்தோடு அமிலம் சேர்ந்திருந்த பழைய வளையம் இல்லாமற் போய்விடுகிறது. கடுதாசியில் ஊகித்ததைப் பளிங்கு அப்படியே செய்து காட்டுகிறது. மனப்பாடத்தால் கிடைக்காத மகிழ்ச்சி இதில் இருக்கிறது.

இணைப்பளிங்கு புதிய நாகரிகமும் அல்ல. 1828 இல் யூரியாவைத் தொகுத்த வோலர் என்று சேதன இரசாயனத்தின் முதல் பக்கத்திலேயே படிக்கிறோம். அதே வோலர் 1844 இல் மஞ்சள் நிறக் குயினோனையும் நிறமற்ற ஐதரோகுயினோனையும் சேர்த்து, இரண்டுக்கும் இல்லாத கரும்பச்சை நிறத்தில் ஒரு பளிங்கைப் பெற்றார். இன்று அதை இணைப்பளிங்குகளின் முன்னோடி என்கிறார்கள். அவருடைய முதல் செய்தி எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

யூரியா என்றதும் எங்கள் கரையோரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அக்கரைப்பற்றிலிருந்து தம்பிலுவில் வழியாகப் பொத்துவில் வீதியில் போகிறவர்களுக்குத் தெரியும்: கிழக்கே கடல், மேற்கே வயல். பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் இந்த மண்ணுக்கு வந்து சேரும் வெள்ளைக் குருணல்தான் யூரியா. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்படும் வரை, வயல் செய்யும் வீடுகளில் பேச்செல்லாம் இந்த ஒரு பொருளைப் பற்றியதாகவே இருந்தது. எங்கள் வாப்பா திறந்த உரப்பையை ஒருபோதும் அப்படியே விட மாட்டார். வாயை முறுக்கிக் கட்டி, பலகைக்கு மேல் தூக்கி வைப்பார். விட்டால் ஈரம் குடித்துக் கட்டிபட்டுவிடும். 30 பாகை வெப்பநிலையில் காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 73 சதவீதத்தைத் தாண்டினால் யூரியா காற்றிலிருந்தே நீரை இழுக்கத் தொடங்கும். கடற்கரையில் இருக்கும் நமக்கு அந்த எல்லை தூரத்தில் இல்லை.

ஏன் இழுக்கிறது? யூரியா மூலக்கூறில் நான்கு ஐதரசன்கள். வாங்குவதற்கு முன்னிற்பது ஒரே ஓர் ஒட்சிசன். யூரியாப் பளிங்கில் அந்த ஒரு ஒட்சிசன் நான்கு ஐதரசன் பிணைப்புகளை ஏற்றுக்கொண்டு நிற்கிறது. ஒரு பிள்ளையின் தோளில் நாலு பேர் கைபோட்டது போல. நீர் மூலக்கூறு வந்து தன் ஒட்சிசனை நீட்டினால் யூரியாவின் ஐதரசன்கள் அதையும் விரும்பும். தன் ஐதரசனை நீட்டினால் யூரியாவின் ஒட்சிசன் அதையும் ஏற்கும். யூரியா நீரில் அவ்வளவு எளிதாகக் கரைவதன் இரகசியமும் இதுவே.

இனி, யூரியாவின் கரைசலோடு ஒட்சாலிக் அமிலக் கரைசலைச் சேர்த்தால்? தம்பிலுவிலில் நடக்கும் எங்கள் இரசாயனவியல் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து படிக்கிறோம். ஒரு நாள் சேரிடம் கேட்டு, அவர் முன்னிலையிலேயே இதைச் செய்து பார்த்தோம். யூரியா 1.2 கிராம். ஒட்சாலிக் அமிலம், அதன் பளிங்காக்க நீரோடு, 1.26 கிராம். மூல் கணக்கில் இரண்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் கொஞ்ச நீரில் கரைத்து ஒன்றாக ஊற்றியதும் தெளிவாக இருந்த திரவத்தில் வெண்பளிங்குகள் இறங்கத் தொடங்கின. நீரை அவ்வளவு விரும்பும் யூரியா, நீரை விட்டுவிட்டு ஒட்சாலிக் அமிலத்தோடு சேர்ந்து அடியில் படிந்தது. என் பக்கத்தில் இருந்த தம்பிலுவில் தோழி, “அப்போ இது உப்பா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. பழைய நூல்களில் இதற்கு யூரியா ஒட்சலேற்று என்று உப்பின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் பளிங்கு அமைப்பை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: அமிலத்தின் ஐதரசன் யூரியாவுக்குத் தாவிச் செல்லவில்லை; அமிலத்திலேயே இருந்துகொண்டு யூரியாவின் ஒட்சிசனை நோக்கிக் கை நீட்டியிருக்கிறது. யூரியாவின் நைதரசனிலுள்ள ஓர் ஐதரசன் அமிலத்தின் மற்ற ஒட்சிசனை நோக்கித் திரும்பக் கை கொடுக்கிறது. மீண்டும் எட்டணு வளையம். ஒட்சாலிக் அமிலத்துக்கு இரண்டு முனைகள். ஆகவே இரண்டு பக்கமும் ஒவ்வொரு யூரியா. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு வானத்திலிருந்து விழவில்லை. கைகளை எண்ணினால் கிடைக்கிறது.

இதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஒட்சாலிக் அமிலம் நஞ்சு. ஆசிரியர் இல்லாமல் யாரும் தொடவேண்டாம். இந்தப் பளிங்கு வயலுக்கான உரமும் அல்ல. ஆனால் இதே எண்ணத்தை வயலுக்குக் கொண்டு செல்ல முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். வயலில் இட்ட யூரியாவை மண்ணிலுள்ள யூரியேசு என்ற நொதியம் உடைக்க, நைதரசனில் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றில் போய்விடுகிறது. காசும் அதோடு போகிறது. ஜிப்சத்தையும் யூரியாவையும் சேர்த்து அரைத்து, ஒரு கல்சியம் சல்பேற்றுக்கு நான்கு யூரியா என்ற கணக்கில் இணைப்பளிங்காக்கினால் அந்த இழப்பு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. யூரியா அதே யூரியாதான். அதைச் சுற்றியுள்ள அடுக்குத்தான் மாறியிருக்கிறது.

மருந்திலும் இதே கதைதான். காய்ச்சலுக்குப் போடும் பனடோலில் இருப்பது பரசிற்றமோல். அதன் வழமையான பளிங்கில் ஐதரசன் பிணைப்புகள் மூலக்கூறுகளை நெளிநெளியான தளங்களாக அமைத்திருக்கின்றன. கூரைத் தகரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குறுக்கே தள்ளிப் பாருங்கள், வழுக்காது. அதனால் அந்தப் பளிங்கை அழுத்தினால் நல்ல குளிசையாக இறுகாது. வேறு பொருள்கள் கலந்தே இறுக்க வேண்டியிருக்கிறது. 2009 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பரசிற்றமோலை ஒட்சாலிக் அமிலம் முதலிய சில மூலக்கூறுகளோடு இணைப்பளிங்காக்கினார்கள். தளங்கள் தட்டையாகின, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கின, குளிசை இறுகியது. தேநீரிலுள்ள கஃபீனின் கதை இன்னொன்று. அதில் வாங்கிகள் உண்டு, நல்ல வழங்கி ஒன்றுகூட இல்லை. ஈரக்காற்றில் வைத்தால் நீரைச் சேர்த்துக்கொண்டு வேறு பளிங்காகிவிடும். 2005 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கஃபீன் இரண்டு, ஒட்சாலிக் அமிலம் ஒன்று என்று சேர்த்தபோது கிடைத்த பளிங்கு, மிக உயர்ந்த ஈரப்பதனிலும் வாரக்கணக்கில் மாறாமல் இருந்தது. கஃபீனுக்கு வேண்டியிருந்த வழங்கியை அமிலம் கொடுத்துவிட்டது. நீருக்கு அங்கே இடமில்லை.

அடுக்கு மாறினால் நன்மை மட்டுந்தான் வரும் என்றும் இல்லை. எச்ஐவி நோயாளர்களுக்கான ரிட்டோனவிர் என்ற மருந்து 1996 இல் சந்தைக்கு வந்தது. 1998 இல் அது திடீரென்று வேறொரு பளிங்கு வடிவில் தோன்றத் தொடங்கியது. மூலக்கூறு அதேதான். ஐதரசன் பிணைப்புகள் அமைந்த விதம் மட்டும் வேறு. புதிய வடிவம் மிகக் குறைவாகவே கரைந்ததால் உடலில் சேர வேண்டிய அளவு சேராது; அந்தக் கூட்டுக்குளிசையையே சந்தையிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. நலிந்த பிணைப்பு என்று நாம் பெயர் வைத்தது, நோயாளி ஒருவருக்கு மருந்து கிடைக்குமா கிடைக்காதா என்பதையே தீர்மானித்தது. 2015 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இதய நோய் மருந்து ஒன்றில் சக்குபிட்ரில், வல்சார்ட்டன் என்ற இரண்டு மருந்துகள் ஒரே பளிங்குக்குள் சேர்ந்திருக்கின்றன. ஒரு குளிசை, ஒரு பளிங்கு, இரண்டு மருந்து.

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். “நைதரசன், ஒட்சிசன், புளோரீன்” என்று நாம் ஒப்பிக்கும் அந்த வரையறையையே உலகம் தாண்டிப் போய்விட்டது. அப்படித் தாண்டியதில் ஒரு பெண்ணின் துயரமும் இருக்கிறது.

ஜூன் சூட்டர் நியூசிலாந்தில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய பளிங்கியல் அறிஞர். கஃபீனின் பளிங்கு அமைப்பை ஆராய்ந்தவர்களில் ஒருவர். காபனுடன் இணைந்த ஐதரசனும் ஒட்சிசனோடு ஐதரசன் பிணைப்பை உண்டாக்கும் என்று 1962 இல் அவர் எழுதினார். காபனா? அது நமது மூன்றில் இல்லையே! 1968 இல் ஒரு பெரிய அறிஞர் அதை மறுத்து எழுத, சூட்டரின் கருத்து ஒதுக்கி வைக்கப்பட்டது. அவர் பின்னர் சிறுநீரகக் கற்களின் ஆய்வில் ஈடுபட்டார். 1982 இல் ஒல்கா கென்னார்டும் ரொபின் டெய்லரும் நியூத்திரன்களைக் கொண்டு அளக்கப்பட்ட 113 பளிங்கு அமைப்புகளை ஒன்றாக வைத்துக் கணக்கிட்டபோது சூட்டர் சொன்னது சரி என்றாயிற்று. இருபது ஆண்டுகள்! ஒல்கா கென்னார்டும் ஒரு பெண்தான். 1965 இல் கேம்பிரிட்ஜில் பளிங்குத் தரவு நிலையத்தைத் தொடக்கியவர் அவர். உலகெங்கும் அளக்கப்படும் சேதனப் பளிங்குகளின் அமைப்புகள் அங்கே சேகரிக்கப்படுகின்றன. 2019 இல் அவை பத்து இலட்சத்தைத் தாண்டின. கஃபீன்–ஒட்சாலிக் அமிலப் பளிங்கிலும், அமிலம் கொடுக்கும் வலிய பிணைப்புக்குப் பக்கத்தில் கஃபீனின் காபனிலுள்ள ஓர் ஐதரசன் மெல்லக் கைகொடுத்து நிற்கிறது. சூட்டர் சொன்ன அதே பிணைப்பு.

இந்த நலிந்தவற்றிலும் நலிந்த பிணைப்புக்காகத் தொடர்ந்து வாதாடியவர் சென்னையில் 1952 இல் பிறந்த கௌதம் தேசிராஜு. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, பளிங்குகளை எந்திரவியலாளன் கட்டடத்தைத் திட்டமிடுவது போலத் திட்டமிடலாம் என்று 1989 இல் ஒரு நூல் எழுதினார். மேலே நாம் பார்த்த எட்டணு வளையம் போன்ற திரும்பத் திரும்ப வரும் சேர்க்கைகளுக்கு “சின்தோன்” என்ற பெயரை வழங்கி 1995 இல் அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கே மொழி கொடுத்தது. 2011 இல் உலக இரசாயன ஒன்றியம் ஐதரசன் பிணைப்புக்குப் புதிய வரையறையை வெளியிட்டபோது, அதை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் அருணன், தேசிராஜுவும் உடனிருந்தார். அந்த வரையறையில் மூன்று மூலகங்களின் பட்டியல் இல்லை. ஐதரசனை வைத்திருக்கும் அணு ஐதரசனை விட மின்னெதிர்த்தன்மை கூடியதாக இருக்க வேண்டும். பிணைப்பு உண்டானதற்குச் சான்று இருக்க வேண்டும். அவ்வளவுதான். போலிங் அளவுத்திட்டத்தில் ஐதரசன் 2.2, காபன் ஏறத்தாழ 2.5. காபனும் உள்ளே வந்துவிட்டது. சூட்டருக்கு நீதி கிடைத்துவிட்டது.

நமக்கு இத்தனை பக்கத்தில், கடலுக்கு அப்பால் ஒரு நாள் பயணத்தில் இருக்கும் நகரங்களில், நாம் மனப்பாடம் செய்யும் வரையறை மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. நமக்குத் தெரியவில்லை. தமிழில் இதைத் தேடினேன். கைக்கு அகப்பட்டது மிகக் குறைவு. ஆங்கிலத்தில் தேடினால் கடல்போல் இருக்கிறது. அதில் இறங்க எல்லாப் பிள்ளைகளுக்கும் முடியாது. ஐதரசன் பிணைப்பு, வழங்கி, வாங்கி, பளிங்கு, இருபகுதியம் என்று நல்ல சொற்கள் நம் பாடநூலிலேயே இருக்கும்போது, அவற்றைக் கொண்டு இந்தக் கதையைத் தமிழில் சொல்ல என்ன தடை?

இதற்கு மறுப்புகள் எழும் என்பது தெரியும். “பாடத்திட்டம் இப்போதே தலைக்கு மேல் இருக்கிறது, இதில் இணைப்பளிங்கு வேறா?” என்பார்கள். நியாயமான கேள்வி. இசட் புள்ளி தசமத்தில் குறைந்தாலும் மருத்துவ பீடக் கனவு கலைந்துபோகும் நாட்டில், பரீட்சைக்கு வராததைப் படிக்கச் சொல்ல யாருக்கும் தயக்கம் வரும். ஆகவே நான் புதிய அலகு ஒன்று கேட்கவில்லை. பரீட்சையில் விடையை மாற்றி எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை. கொதிநிலைக்கு ஓர் உதாரணம் சொல்லும் இடத்தில், பளிங்குக்கும் ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்கிறேன். ஒரு பாடவேளையின் கால்பங்கு போதும். வழங்கி எது, வாங்கி எது, யார் யாரோடு சேர்வார் என்று ஊகிக்கப் பழகிய பிள்ளைக்கு, பிறகு கரைதிறனும் உருகுநிலையும் புரதத்தின் சுருளும் மனப்பாடமாக இராது.

“கருவி எங்கே?” என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், எக்ஸ்-கதிர்க் கருவி இல்லாமல் ஒரு பளிங்கின் உள்ளமைப்பை உறுதிசெய்ய முடியாது. ஆனால் ஊகிக்கக் கருவி வேண்டியதில்லை. களிமண் உருண்டையும் தென்னீர்க்கும் போதும். யூரியாவையும் ஒட்சாலிக் அமிலத்தையும் நாங்கள் அப்படித்தான் செய்தோம். களிமண் காய்ந்து வெடித்தது, ஆனால் எட்டணு வளையம் எல்லோருக்கும் விளங்கியது. இணைப்பளிங்குகளைத் தயாரிக்கும் முறைகளில் ஒன்றுகூட, இரண்டு தூள்களை உரலில் இட்டு ஒரு துளி கரைப்பானோடு அரைப்பதுதான். அரைக்கத் தெரியாத வீடு நம் ஊரில் உண்டா?

மூன்றாவது மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. “பொம்பிளைப் பிள்ளை, பாஸ் பண்ணினால் போதும்” என்பது அது. அதற்குப் பதிலாகத்தான் எட்டர், சூட்டர், கென்னார்டு ஆகிய பெயர்களை இங்கே எழுதினேன். நலிந்தது என்று ஒதுக்கப்பட்ட ஒரு பிணைப்பை இந்தப் பெண்கள் பொறுமையாக அளந்தார்கள், எண்ணினார்கள், விதி எழுதினார்கள். அவர்களில் ஒருவரை உலகம் இருபது ஆண்டுகள் நம்பவில்லை. ஆனால் அளவீடுகள் அவர் எழுதியபடியே இருந்தன. பளிங்கு தன் அடுக்கை யாருக்காகவும் மாற்றிக்கொள்ளவில்லை.

இந்தச் சஞ்சிகையைப் படிக்கும் தங்கைமார் சிலர் அடுத்த ஆண்டு உயர்தரத்துக்கு வருவார்கள். அவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஐதரசன் பிணைப்புப் பாடம் நடக்கும் அன்று அந்த மூன்று வரிகளையும் எழுதிக்கொள்ளுங்கள், அவை வேண்டியவை. பிறகு கையை உயர்த்தி, “டீச்சர், பளிங்குக்குள் இது என்ன செய்யுது?” என்று கேளுங்கள். விடை ஆசிரியரிடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இல்லையென்றால் சேர்ந்து தேடலாம். தேடிக் கண்டதைத் தமிழில் எழுதி இந்தச் சஞ்சிகைக்கே அனுப்புங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர் தமிழில் தேடும்போது அது அங்கே இருக்கட்டும்.